வசந்தாவும் வசந்தியும் ஒரே ரயிலில்

அச்சுவேலி 'ஒறிஜினல்' அண்ணையைப் போல உலகத்தையே சந்தேகித்த மனிதர் யாழ்ப்பாணத்தில் பிறந்ததில்லை. இனி ஒருவர் பிறந்தாலும், அது போலி என்றே அண்ணை சொல்லியிருப்பார்.

'வசந்தா' கறித்தூள் அவருடையது. பெயரை முறைப்படி பதிந்திருந்தார். அன்று தொடக்கம் அந்தப் பெயரில் எவர் நடமாடினாலும் அவருக்குப் பொறுக்காது. பக்கத்து ஒழுங்கையில் ஒரு வசந்தாவுக்குக் கல்யாணம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். "பேர் என்ரை. எண்டாலும் தூள் விக்காத வரைக்கும் எனக்கு ஆட்சேபனை இல்லைத் தம்பி."

தன் தூளைத் தானே கடைகளில் வாங்கிச் சோதிப்பார். மாறுவேடம் ஒரு கறுப்புக் கண்ணாடி மட்டும். "அண்ணை, உங்கடை தூளை ஏன் காசு குடுத்து வாங்கிறியள்?" என்று கடைக்காரர் கேட்டால் கோபம் வந்துவிடும். "என்னை எப்பிடி ஐசே கண்டுபிடிச்சனீர்?"

அப்படிப் போன இடத்தில் அகப்பட்டதுதான் 'வசந்தி' கறித்தூள். அதே சிவப்புப் பக்கெற். அண்ணை நேரே வந்தது, நான் கிளாக்கராக இருந்த சட்டத்தரணியின் அலுவலகத்துக்கு. "உது களவு! கோட்டுக்கு இழுக்கவேணும்!"

எதிராளி தெல்லிப்பழையில் சின்ன மில் வைத்திருந்த பெண். கணவர் இல்லை. பிள்ளைகளின் படிப்பும் சாப்பாடும் அந்த மில்லில்தான் ஓடின. நோட்டீஸ் கிடைத்ததும் நேரே எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"வசந்தி என்ரை பேர் அண்ணை. அதை நான் எங்கை கொண்டுபோய்ப் போடுறது?"

"பேருக்குப் பதிவு இருக்கோ?"

"பிறப்புப் பதிவு இருக்கு."

அண்ணை கறுப்புக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

வழக்கு கொழும்பில். இருவரும் ஒரே காலை ரயிலில், ஒரே பெட்டியில், எதிரெதிரே. கோப்புகளோடு நான் இடையில். அண்ணை வசந்தியோடு நேரே கதைக்கமாட்டார். "தம்பி, தூசி வருது. உவவிட்டை யன்னலைச் சாத்தச் சொல்லும்." நான் வாய் திறக்குமுன் வசந்தி சாத்திவிடுவார். ஆனாலும் நான் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் சாத்தினால் செல்லாதாம்.

ஒரு பயணத்தில் வசந்தி புட்டும் கத்தரிக்காய்க் கறியும் கட்டிக்கொண்டு வந்து எங்களுக்கும் நீட்டினார். அண்ணை அதைச் சாட்சிப் பொருள் போல முகர்ந்து பார்த்தார். ஒரு வாய் வைத்தார். பிறகு பொதி காலியாகும்வரை தலை நிமிரவில்லை. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. உறைப்பு என்றார். பிறகு முதல் தடவையாக நேரே கேட்டார்.

"பிள்ளை, மல்லியைக் கொஞ்சம் கூட வறுக்கிறனீரோ?"

"ஓம் அண்ணை."

"அதுதான்… நல்லாக் கிடக்கு."

அடுத்த வழக்குத் தவணைக்கு முன்னரே சமாதானம். வசந்தி தன் பெயரை வைத்திருக்கலாம், பக்கெற்றை மட்டும் மஞ்சளாக்கினால் போதும் என்று அண்ணையே சொல்லிவிட்டார். சட்டத்தரணியின் முகம்தான் வாடிப்போனது.

சில மாதங்களில் அண்ணை மறுபடி வந்தார். வசந்தியின் பக்கெற்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "தம்பி, உந்த மஞ்சள் சாதுவாச் சிவக்கிற மாதிரிக் கிடக்கு. ஒருக்காக் கொழும்புக்குப் போகவேண்டி வரும் போலை."

பக்கெற் நல்ல மஞ்சள். நான் சட்டத்தரணியிடம் மூச்சுவிடவில்லை. வசந்திக்குத்தான் போன் எடுத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, வழக்கே இல்லாமல், மூவரும் ரயிலேறி வவுனியா வரை போய்த் திரும்பினோம்.

அண்ணை இப்போது இல்லை. கொழும்பில் அலுவல் வந்தால் நான் பஸ்ஸில்தான் போகிறேன். அண்ணை இருந்த யன்னலோரத்தில் வேறொருவர் இருப்பதைப் பார்க்க மனம் வருவதில்லை.