குடிபாலா மாந்தோப்புச் சங்கம்

"யார் யார் வந்தாங்கன்னு பேர் எழுதிக்கினு வா. அது கீழ அவங்க கையெழுத்தையும் வாங்கிக்கினு வா. உன் வாய நான் நம்ப மாட்டேன்யா!"

திருப்பதி பஸ்ஸின் ஜன்னல் வழியாகத் தாட்சாயணி சொன்ன கடைசி வார்த்தை அது. மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பஸ் அவளை அப்பன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டது. சித்தூர் சர்வே ஆபீஸ் பியூன் தாமோதரன், காக்கிச் சட்டையோடு, புழுதி அடங்கும்வரை அங்கேயே நின்றான்.

குடியை விட்டவர்கள் வாராவாரம் கூடி, மனம் விட்டுப் பேசி, ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடிக்கிற சங்கம் ஒன்று எங்கோ இருக்கிறதாம். திருமலையில் மொட்டை போடும் வரிசையில் யாரோ ஓர் அம்மாள் சொன்னாளாம். மூன்று மாதம் அதில் உட்கார்ந்து அத்தாட்சி காட்டினால், தாட்சாயணி குழந்தையோடு திரும்பி வருவாள். இல்லாவிட்டால் கிடையாது.

எங்கே போய்த் தேடுவது? ஆந்திர சர்க்கார் பிறந்து இரண்டு வருஷமாகியும் மதுவிலக்கு அப்படியே இருந்தது. சட்டப்படி ஜில்லாவில் சொட்டுச் சாராயம் கிடையாது. இல்லாத சாராயத்தை விட்டவர்கள் எங்கே என்று டீக்கடையில் கேட்டால் யார் சொல்வார்கள்? கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒரு போண்டாவைக் கையில் கொடுத்து, காசும் வாங்காமல் அனுப்பினார். நாலு கடையில் நாலு போண்டா தின்றதுதான் மிச்சம்.

குடிபாலாவில் சனிக்கிழமைதோறும் ஏழெட்டுப் பேர் கூடுவதாக ஆபீஸில் யாரோ பேசியது காதில் விழ, மூன்றாம் சனிக்கிழமை மத்தியானம் அதே காக்கிச் சட்டையோடு சைக்கிளில் குடிபாலா போனான். வழியில் ஒரு வண்டிக்காரர்.

"இங்க சனிக்கிழமையானா ஏழெட்டு பேர் கூடி உக்காருவாங்களாமே, எங்க?"

வண்டிக்காரர் மாந்தோப்பைக் காட்டிவிட்டு மாட்டை விரட்டிக்கொண்டு பறந்தார்.

தோப்புக்குள் நுழைந்ததும் தாமோதரனுக்குத் தூக்கத்தில் நடப்பது போலிருந்தது. வெயில் இலைகளுக்கு நடுவே பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. புளிப்பும் இனிப்புமாக ஒரு வாசனை மிதந்தது. மாம்பழம் விழுந்து அழுகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். தலை லேசாகச் சுற்றியது, சுகமாகவும் இருந்தது. நடுவே ஏழு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவனைக் கண்டதும் ஆறு பேர் எழுந்து நின்றார்கள். ஏழாமவரான பெரிய மனிதர் நாகபூஷணம் மட்டும் அவசரமாக ஒரு சருகுக் குவியலுக்குமேல் நகர்ந்து உட்கார்ந்தார்.

"பயப்படாதீங்க, விசாரிச்சிக்கினுதான் வந்தேன். நீங்கள்லாம் குடிய உட்டவங்கதானே?"

ஏழு தலைகளும் ஒன்றாக ஆடின. "உட்டுட்டோம் சார்! போன வருஷமே உட்டுட்டோம்!"

பிறந்ததிலிருந்து அவனை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. நெஞ்சு குளிர்ந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்தான்.

"பேரச் சொல்லுங்க."

"பேர் எதுக்கு சார்?"

"காட்ட வேண்டிய எடத்துல காட்டணும்," என்றான். பெண்டாட்டி என்று சொல்ல வெட்கம்.

கைகள் நடுங்க ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பாவம், குடியை விட்ட நடுக்கம் என்று தாமோதரன் இரக்கப்பட்டான்.

பிறகு அவனே ஆரம்பித்தான். "நானும் குடிச்சவன்தான். என் பாப்பா நான் கிட்ட போனா நாத்தம் தாங்காம மூஞ்ச திருப்பிக்கும்..." அதற்குமேல் பேச முடியாமல் அழுதான்.

சருகு நொறுங்க நாகபூஷணம் அசைந்தார். "எம் பொண்ணு கல்யாணத்தன்னிக்கி நான் இங்கதான் சார் வுழுந்து கெடந்தேன்," என்று அவரும் அழுதார். அந்த அழுகை பொய்யில்லை.

மறுவாரம் அந்த ஏழு பேரில் உமாபதி என்பவன் மட்டும் வரவில்லை. தாமோதரன் அக்கறையோடு அவன் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டான். அடுத்த வாரம் உமாபதி எல்லோருக்கும் முன்னால் வந்திருந்தான்.

"சார், இந்த ஊரு மெட்ராஸ் பக்கம் போயிடும்னு பேசிக்கறாங்களே," என்றான் உமாபதி. "போயிட்டா நீங்க இங்க வர முடியாதில்ல?"

"எல்லை எங்க போனாலும் நான் வருவேன். மனச தளர உடாதே."

உமாபதி தேம்பினான். இவ்வளவு பாசமா என்று தாமோதரனுக்கும் கண் கலங்கியது.

அவனுக்கும் ஆசை விடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கால்கள் தாமாகச் சாராயச் சந்துக்குத் திரும்பும். என்னை நம்பி ஏழு பேர் உட்கார்ந்திருக்கிறார்களே என்று நினைப்பான். கால்கள் முனகிக்கொண்டே வீட்டுக்குத் திரும்பும்.

மூன்று மாதம் முடிந்தது. தாட்சாயணி குழந்தையோடு தோப்புக்கே வந்தாள். நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஒரு கையெழுத்தும் குறையவில்லை. குழந்தை அப்பன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தை முகத்தோடு வைத்துக்கொண்டது. தாமோதரன் கண்ணை மூடிக்கொண்டான். விழித்தால் கலைந்துவிடுமோ என்று பயம்.

நாகபூஷணத்தின் மனைவி ரத்தினம்மா எல்லோருக்கும் மோர் கொண்டுவந்தாள். தாட்சாயணியிடம் சொம்பை நீட்டி, அவள் காதோரம் குனிந்தாள்.

"உங்க வூட்டுக்காரர வேற ஸ்டேஷனுக்கு மாத்தறாப்புல இருந்தா சொல்லும்மா, ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் சேந்து மனு குடுக்கறோம், சாராயப் பானையோட இந்த ஏழு பேரும் மாட்டிக்கினும், ஒருத்தரையும் லாக்கப்புல போடாம, பேர எழுதி எழுதியே திருத்தன போலீசு இந்த ஜில்லாவுலயே இவரு ஒருத்தருதான்!"