எர்த் இராமச்சந்திரன்

எல்லாக் கோளாறுக்கும் காரணம் தெரிந்த ஓர் இனம் உண்டு. அந்தக் காரணம் தங்கள் பக்கம் மட்டும் இருக்கவே இருக்காது, அடையாளம் அவ்வளவுதான். ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றின் சோதனைப் பிரிவில் சூப்பர்வைசராக இருந்த இராமச்சந்திரன் அந்த இனம்.

கார்களுக்கான எலக்ட்ரானிக் போர்டுகளை அங்கே, மின் அலையைக் கோடாகக் காட்டும் ஸ்கோப்பில் மாட்டிப் பார்ப்பார்கள். திரையில் கோடு வழுவழுவென்று ஓடினால் போர்டு நல்லது. 2012-இல் ஒருநாள் அந்தக் கோடு கம்பளிப்பூச்சி மாதிரி சிலிர்த்துக்கொண்டது. நல்ல போர்டெல்லாம் ஃபெயில்.

"எர்த் சரியில்ல" என்றார் இராமச்சந்திரன், திரையைப் பார்க்காமலே.

எர்த் குழியில் உப்பும் கரியும் கொட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றவைத்தார், ஜெனரேட்டரைத் திட்டினார், பக்கத்துக் கம்பெனியின் வெல்டிங்கைத் திட்டினார், டியூப்லைட்டுகளை அணைத்து எல்லாரையும் அரை இருட்டில் உட்காரவைத்தார், திட்டுவதற்குப் பொருள்கள் தீர்ந்துபோனதும் மனிதர்களிடம் வந்தார்.

அந்த மேசையில் இருந்தவள் இசக்கிசெல்வி. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். ஹாஸ்டல் வாசம், காண்ட்ராக்ட் வேலை.

"இன்னாம்மா, கொலுசு போட்டுக்கினு வந்தா கரண்ட்டு எப்டிம்மா ஒழுங்கா வரும்?"

"சேந்த நாள்லேருந்து இதத்தான சார் போட்டிருக்கேன்? அப்பல்லாம் கோடு நல்லாத்தான ஓடுச்சு?"

நியாயமான கேள்வி. இந்த இனத்துக்குப் பொறுக்குமா? கொலுசு கழன்றது, கோடு மாறவில்லை, ஆகவே குற்றம் அவள் கையில்தான் என்று முடிவாயிற்று. அவளைப் பேக்கிங்குக்குத் தள்ளி, காண்ட்ராக்டை நீட்டிக்க வேண்டாம் என்று மேலிடத்தின் காதிலும் போட்டுவைத்தார்.

பிறகுதான் இன்ஜினியர் கவிப்பிரியா வந்தாள். யாரையும் திட்டவில்லை. மேசையைச் சுற்றியிருந்த பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஒன்றைப் பிடுங்கியதும் கோடு சட்டென்று வழுவழுப்பானது. ஸ்கோப் செருகியிருந்த அதே பிளக் பலகையில் தொங்கிய, பிளாட்பாரத்தில் வாங்கிய செல்போன் சார்ஜர்.

"யாரோடது சார் இது?"

பிரிவே தலையைக் குனிந்து சிரிப்பை விழுங்கியது.

"என்னுதுதான்" என்றார் இராமச்சந்திரன், துளியும் அசராமல். "பாத்தியா? தலபாடா அடிச்சிக்கினேன். எர்த் நல்லா இருந்தா இந்தச் சார்ஜர் இன்னா பண்ணிடும்?"

"அப்போ இசக்கிசெல்விய திரும்பக் கூப்டுக்கலாமா?"

"அது வேற மேட்டர்மா. எதுத்துப் பேசுது."

கவிப்பிரியா மேலே போய்ச் சண்டை போட்டதில் இசக்கிசெல்வியின் வேலை தப்பியது. சோதனை மேசை மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. இன்றும் அட்டைப்பெட்டிக்கு டேப்தான் ஒட்டுகிறாள்.

படிக்கப் படிக்க உங்களுக்கு யாரோ ஒருவரின் முகம் ஞாபகம் வந்திருக்குமே, "அப்படியே அவர்தான்!" என்று? கொஞ்சம் ஜாக்கிரதை. இந்த இனத்தில் யாருக்கும் சொந்த முகம் ஞாபகம் வருவதில்லை.