கற்றல் விளைவு: பயணம், பகை, பரிசு

மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அம்மா அவர்களுக்கு, திருத்தங்கலிலிருந்து எழில் வணக்கத்துடன் எழுதுவது. தாங்கள் நலமாக இருப்பதை நம் பள்ளிச் சத்துணவுக்கூடத்தில் சமைக்கும் என் அம்மா செல்லத்தாய் தினமும் பார்த்து வந்து சொல்வதால் நான் தனியாக விசாரிக்கவில்லை. என்னை உங்களுக்கு ஞாபகம் இருக்காது. ஒன்பதாம் வகுப்பு முழுவதும் நான் "உள்ளேன் அம்மா" என்பதைத் தவிர எதுவும் பேசியதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு படிப்பை நிறுத்திவிட்டு, இப்போது அச்சகத்தில் தினக்காலண்டர் தாள் அடுக்குகிறேன்.

கணக்கு ரத்தினசாமி சாரும் அறிவியல் சோலையம்மாள் டீச்சரும் பாடக்குறிப்பை ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதாக மெமோ கொடுத்திருக்கிறீர்களாம். அவர்கள் எழுதவே இல்லை அம்மா, எழுதியது நான். ஆசிரியர் அறையில் இருக்கும் ஒரே ஃபேனுக்காகச் சண்டை போட்டு இரண்டு வருடமாகப் பேசாத இருவரும், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், பாடக்குறிப்பை என் அம்மாவின் பையில் போட்டு அனுப்புகிறார்கள். சாருக்குச் சாய்த்து எழுதுவேன், டீச்சருக்கு நிமிர்த்தி எழுதுவேன். அவர்கள் கிறுக்கித் தரும் தாளும் நான் கொடுத்ததுதான், மை சரியாக ஏறாமல் கழித்த காலண்டர் தாள். "கற்றல் விளைவு" என்ற கட்டத்தை மட்டும் இருவரும் காலியாக விட்டு, "நீயே பார்த்துப் போட்டுக்கொள்" என்பார்கள். நான் எதைப் பார்ப்பது? அம்மாவிடம் கேட்டால், "காலியா விட்டா ஆபீசர் செவப்பு மையில சுழிப்பாராம். எதையாச்சும் போட்டு நெரப்பு தாயி" என்றாள். தாளைத் திருப்பினேன். ராசிபலன் இருந்தது. நன்மை, பயணம், பகை, பரிசு, சுகம். முதல் ஐந்து ராசியின் பலனும் திங்கள் முதல் வெள்ளி வரை சரியாக வந்தது. பாடத்துக்கு எதற்கென்று ராசிப் பெயர்களை விட்டுவிட்டேன். கழித்த தாள் எல்லாம் பத்தொன்பதாம் தேதி என்பதால் இரண்டு நோட்டிலும் ஒரே பலன்.

நோட்டுப் பார்க்க அதிகாரி வந்த அன்று, அவர் சொன்னது தேநீர் கொண்டுபோன என் அம்மாவின் காதில் விழுந்திருக்கிறது. "செவ்வாய்க்கிழமை பயணம்! கணக்குல வேகம், தூரம். அறிவியல்ல இயக்க விதி. எம்புட்டு அழகா சேந்து யோசிச்சிருக்கீக!" பிறகு கண்ணாடியை இறக்கி, "புதன்கிழமை பகைன்னு இருக்கே?"

டீச்சர் பட்டென்று, "அமிலமும் காரமும், ஐயா."

சார் விடவில்லை. "மிகை எண்ணும் குறை எண்ணும், ஐயா."

வெள்ளிக்கிழமை எல்லாப் பள்ளி ஆசிரியர்களும் வருவார்கள், இருவரும் சேர்ந்து ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் போனார். அவர் ஜீப் வாசல் தாண்டுமுன், "எம் நோட்டை எப்பம்மா எடுத்துப் பாத்தீக?" என்று சார் கேட்க, "உங்க கோழிக் கிறுக்கலை நான் பாத்தேனாக்கும்!" என்றிருக்கிறார் டீச்சர். இரண்டும் என் கையெழுத்துதானே அம்மா, கேட்டதும் எனக்குத்தான் சுருக்கென்றது.

இருவர் மேலும் தப்பில்லை. தண்டனை என்றால் எனக்குக் கொடுங்கள். ஆனால் நோட்டு வருவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். எழுதி எழுதித்தான் பத்தாம் வகுப்பில் ஒளி விலகல் வரை வந்திருக்கிறேன். இங்கன நின்னுட்டா மின்சாரம் எனக்குத் தெரியாமலே போயிரும். தனித்தேர்வுக்கு விண்ணப்பமும் வாங்கி வச்சிருக்கேன்.

தங்களுக்கும் பள்ளிக்கும் எந்தக் குறையும் வராமல் மாரியம்மன் பார்த்துக்கொள்ளட்டும்.

கீழ்ப்படிதலுள்ள,
எழில்

பி.கு: இதை மடிக்கும்போது அம்மா பையோடு வந்துவிட்டாள். மெமோவுக்கு இருவரும் எழுதிய விளக்கங்கள், அழகாக எழுதித் தரச் சொல்லி. "டீச்சர் திருடினார்" என்று சார், "சார் திருடினார்" என்று டீச்சர். எழுதக் கை வரவில்லை. இரண்டிலும் "நாங்கள் இருவரும் கலந்து பேசியே திட்டமிட்டோம்" என்று எழுதிவிட்டேன். வாசிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள். ஆகவே மேலே நான் சொன்ன எதுவும் நடக்கவில்லை, கிழித்துவிடுங்கள். "நல்ல கையெழுத்துள்ள யாரிடமாவது கொடு" என்று நீங்கள் கொடுத்தனுப்பிய விசாரணை உத்தரவும் அதே பையில் இருந்தது. "முடிவு" என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறீர்கள். காலண்டர் தாளைத் திருப்பிப் பார்த்தேன் அம்மா. கன்னிக்குப் பாராட்டு. போட்டுவிட்டேன்.