ஓடும் வண்டியில் விருந்து

குருவிமலைத் தோட்டம், பசறை.
துன்மதி வருஷம், ஆவணி மாதம்.

கொழும்பில் சகல சௌபாக்கியங்களோடும் வாழும் சட்டசபை அங்கத்தவர், கனம் தில்லைநாயகம் ஐயா அவர்கள் சமூகத்துக்கு, குருவிமலைத் தோட்டத்துப் பெரிய கங்காணி வீரய்யா குடும்பத்தோடு கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே மழையும் தேயிலைக் கொழுந்தும் நல்லபடி. தங்கள் தேக சுகமும் வீட்டு அம்மாள், குழந்தைகள் சுகமும் அறிய ஆவல்.

நிற்க. போன தையில் என் மகள் பாக்கியலெட்சுமியின் கல்யாணத்துக்குத் தங்களை அழைத்திருந்தேன். சபை வேலையால் வர இயலவில்லை, பதுளைப் பக்கம் வரும்போது அவசியம் உங்கள் இல்லத்தில் ஒருவேளை உணவருந்துவேன் என்று தங்கள் கைப்படப் பதில் வந்தது. பெரிய மனிதர்கள் எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவார்கள், அதை நம்பி உலை வைக்காதே என்று சம்பந்தி பொன்னையா சொன்னார். பொன்னையாவுக்கு எந்தப் பெரிய மனிதரும் எழுதியதில்லை, அவருக்கு என்ன தெரியும்? அடுத்த மாதம் தாங்கள் பதுளைக்குக் கூட்டம் பேச வருகிறீர்கள் என்று பசறைக் கடை மொஹிதீன் நானா சொன்ன அன்றைக்கே, என் மனைவி ரெங்கம்மா அப்பளம் காயப்போட்டுவிட்டாள்.

மரியாதைக்குத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைப்போம் என்று பங்களாவுக்குப் போனேன். அதுதான் தப்பு. தோட்டத்துக்குள் வெளியாள் யாரும் கால் வைக்கக்கூடாது, சட்டசபைக்காரர் கூடவே கூடாது என்றார். அவர் பேச வரவில்லை துரை, சாப்பிடத்தான் வருகிறார் என்றேன். துரை சிரித்துக்கொண்டே, “தின்னுற வாய்தானே கங்காணி பேசுறதும்?” என்றார். ஐயா, நாற்பது பேருக்குப் பேர் போட்டு வேலை வாங்குகிறவன் நான். என் வீட்டுக்கு யாரைக் கூப்பிடலாம் என்று எனக்கு இன்னொருவன் சொல்ல வேண்டுமென்றால் அது என் வீடுதானா? அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. அப்போதே முடிவு செய்தேன், தங்களுக்குச் சோறு போடாமல் விடுவதில்லை என்று.

தோட்டத்து எல்லைக்கல்லைத் தாண்டினால் அரசாங்க ரோடு. அங்கே துரையின் சட்டம் செல்லாது. ஆகவே ரோட்டோரமாகப் பந்தல் போட்டு, வாழை கட்டி, ஒத்திகையாக ஒரு பாய்கூட விரித்துவிட்டோம். ரோட்டு ஓவசியர் வந்து அத்தனையையும் பிடுங்கச் சொன்னார். அரசாங்க ரோட்டில் போகலாம், வரலாம், எதுவும் நிற்கக்கூடாதாம். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். ரெங்கம்மா உட்காரவில்லை.

“போறதுக்குத் தடையில்லைன்னா, போய்க்கிட்டே சாப்பிடட்டும்” என்றாள்.

மொஹிதீன் நானா தம் கூடார வண்டியைக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம். தங்கள் இடத்தில் பொன்னையாவைத் தலைப்பாகை கட்டி உட்கார வைத்தோம். முன்னால் பலகை, பலகையில் கயிறு போட்டுக் கட்டிய வாழையிலை. வண்டி நகர, ரெங்கம்மா பின்னாலேயே நடந்து பரிமாறினாள். நேர் ரோட்டில் பருப்பும் பொரியலும் மிக மரியாதையாக இருந்தன. இறக்கத்தில் வண்டி ஓட, அவள் ரசச் சட்டியோடு ஓட, முதல் வளைவில் பாயசம் சாம்பாரோடு சேர்ந்தது, இரண்டாவது வளைவில் எல்லாம் சேர்ந்து பொன்னையாவின் மடியில் சேர்ந்தது. தாம் தலைவர் என்பது நினைவில் இருந்ததால் அவர் வாயே திறக்கவில்லை, கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது. அந்த நேரம் பார்த்து வழியிலே ஒரு கடையைக் கண்டதும் மாடு நின்றுவிட்டது. கடைகளுக்குச் சரக்கு இறக்கிப் பழகிய மாடு, அது என்ன செய்யும்? எதிரே ஓவசியர், நின்றால் வழக்கு என்கிறார். கடைசியில் மாட்டை அவிழ்த்துவிட்டு, நானும் மருமகனும் வண்டியைத் தள்ளிக்கொண்டே பொன்னையாவுக்கு மோர் கொடுத்து விருந்தை முடித்தோம்.

இதனால் தாங்கள் ஒன்றும் அஞ்ச வேண்டாம். ரசத்தை விட்டுவிட்டோம். கெட்டியான மரக்கறிகள் மட்டும் செய்து, மாட்டுக்குக் கண் மறைப்புப் போட்டு, வளைவுகளில் தங்களை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள ஆள் வைத்திருக்கிறோம். நடுப்பகலில் எல்லைக்கல் அருகே வந்து ஏறினால் போதும். பழைய வேட்டி உத்தமம்.

தாங்கள் நீடூழி வாழவும், சபையில் தங்கள் சொல் ஏறவும் மாரியம்மன் துணை நிற்பாளாக.

இப்படிக்கு,
தங்கள் வரவுக்குக் காத்திருக்கும்
வீரய்யா.

பின்குறிப்பு: எழுதியதை ரெங்கம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ரசமில்லாமல் விருந்தா என்று கேட்டுவிட்டு, “அவரு நம்ம வீட்டுக்கு வர முடியலைன்னா, நம்ம அவரு வீட்டுக்குப் போயி ஆக்கிப் போடுவோம்” என்று சொல்லிவிட்டாள். ஆகையால் தாங்கள் வர வேண்டாம். வருகிற வெள்ளிக்கிழமை பண்டாரவளையில் ரயிலேறி, அண்டா, அம்மி, சம்பந்தி சகிதம் தங்கள் இல்லத்துக்கே வருகிறோம். கேட்டதுமே துரை லீவு கொடுத்தார், தோட்டத்தை விட்டு வெளியே போவதற்குச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. தங்கள் வீட்டு வாசலில் நாங்கள் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதை மட்டும் மறுதபாலில் தெரியப்படுத்தவும்.