மூன்றாவது பெயர்க்காரர்

ஆராய்ச்சிக் கூடங்களில் பலவகை உயிரினங்கள் வளர்கின்றன. எலியைப் பற்றியும் தவளையைப் பற்றியும் கண்ணாடிக் குடுவையில் வளரும் பூஞ்சையைப் பற்றியும் நிறைய எழுதிவிட்டார்கள். குடுவைக்கு வெளியே, சுழல் நாற்காலியில் வளரும் ஓர் உயிரினத்தைப் பற்றி மட்டும் யாரும் எழுதவில்லை. எழுதினால் அந்தக் கட்டுரையிலும் அவர் பெயரைச் சேர்க்க வேண்டியிருக்கும் என்ற பயம்தான் காரணமாக இருக்க வேண்டும். நான் துணிந்துவிட்டேன். அவர்தான் மூன்றாவது பெயர்க்காரர்.

ஏன் மூன்றாவது? ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயருக்கு உரியவர் வேலை செய்திருக்க வேண்டும். முதலாமவருக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டாமவர் மேடையேறிப் பதில் சொல்ல வேண்டும். கடைசிப் பெயர் நிறுவனத் தலைவருடையது. கணக்கு தப்பிப் போனால் கைகட்டி நிற்க வேண்டியவர் அவர். நடுவில் இருக்கிறதே மூன்றாவது இடம், அங்கே வெயிலும் படாது, மழையும் படாது. பாராட்டு மட்டும் பதமாக வந்து சேரும்.

எங்கள் கட்டடத்திலும் ஒருவர் இருக்கிறார். பாலத்தில் விழுந்த விரிசல், கொசுவின் செவித்திறன், பேருந்துக் கட்டணத்தை யாருக்குக் குறைப்பது, சூரிய மின்தகட்டில் படியும் தூசி, குறைப்பிரசவம் என்று அறிவியலும் பொறியியலும் அரசாங்கக் கொள்கையும் தொட்டுப் போகிற எதை எடுத்தாலும் உள்ளே அவர் பெயர் இருக்கும். ஒரு மனிதருக்கு இத்தனை துறைகளில் ஆழம் தெரியுமா என்று நீங்கள் கேட்கலாம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். அவர் காலை விடுவதே இல்லை. கரையிலேயே நின்று தலையைத் துவட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

அவர் வேலை செய்யும் முறை எளிமையானது. யாராவது மும்முரமாக எதையோ அளந்துகொண்டிருக்கும்போது தேநீர்க் கோப்பையோடு வந்து கதவில் சாய்ந்துகொள்வார்.

"என்ன ஓடிட்டிருக்கு?"

அளப்பவர் சொல்வார்.

"நல்லது. ஆனா இதை அந்தக் கோணத்துல யோசிச்சுப் பார்த்தீங்களா?"

எந்தக் கோணம்? அதை மட்டும் அவர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அளப்பவர் பாவம், தனக்குத்தான் புரியவில்லை போலிருக்கிறது என்று கூசிப்போய், "பார்க்கிறேன் சார்" என்பார். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டால் பங்கு எழுதிக் கொடுத்தாயிற்று என்று பொருள். கட்டுரை முடிந்ததும் மரியாதைக்கு அவருக்கு ஒரு பிரதி போகும். கெட்டிலில் தண்ணீர் கொதிப்பதற்குள் அது திரும்பி வந்துவிடும். மேலே 'பிரமாதம்' என்று ஒரு சொல். உள்ளே எங்கேயோ ஒரு காற்புள்ளி. அந்தக் காற்புள்ளி எப்போதும் தவறான இடத்தில்தான் இருக்கும் என்பதால் அச்சுக்குப் போகும் முன் எடுத்துவிடுவோம். பெயரை எடுக்க முடியாது. யாருக்கு வேலை நீட்டிப்பு, யாருக்கு இல்லை என்று முடிவு செய்கிற குழுவில் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

என் அறையில் எதிர்மேசையில் ஒரு பெண் இருந்தாள். நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் 'வடிகால்'. மழை பெய்தால் நாங்கள் ஜன்னலைச் சாத்துவோம். அவள் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே ஓடுவாள். நகரத்துப் பெரிய மருத்துவமனையின் தரைத்தளத்தில் ஏன் ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் புகுகிறது என்பது அவள் ஆய்வு. வடிகால் சிறியது, பெரிதாக வெட்ட வேண்டும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்க, அவள் வேறொன்றைக் கண்டுபிடித்தாள். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, மருத்துவமனை வாசலைவிட வடிகாலின் வாய் உயரத்துக்குப் போய்விட்டது. தண்ணீர் பள்ளத்தைத் தேடித்தானே போகும்? வடிகாலை எவ்வளவு அகலமாக வெட்டினாலும் பயனில்லை. சாலையைத்தான் இறக்க வேண்டும்.

இதை ஒரு பெரிய மாநாடு ஏற்றுக்கொண்டால் அரசாங்கம் காது கொடுத்துக் கேட்கும். அவளுடைய தற்காலிக வேலையும் நீடிக்கும். ஏற்காவிட்டால் அந்த மாதக் கடைசியோடு அவள் மேசையைக் காலி செய்ய வேண்டும். கட்டுரை போயிற்று. மூன்றாவது பெயரோடுதான்.

இத்தகைய மாநாடுகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. எழுதியவர்களின் பெயர்களை மறைத்துத்தான் கட்டுரையை மதிப்பீட்டுக்கு அனுப்புவார்கள். மதிப்பிட்டது யார் என்பதும் எழுதியவருக்குத் தெரியாது. வடிகால் பற்றி நிறைய எழுதிய நிபுணர் யார் என்று மாநாட்டுக் கணினி தேடிப் பார்த்தது. எல்லாவற்றிலும் பெயர் இருக்கிறவர் அதிலும் இருந்தார். பெயர்கள் மறைக்கப்பட்ட அந்தக் கட்டுரையை அது அவருக்கே அனுப்பிவைத்தது.

மதிப்பீடு வந்த அன்று அவர் வழக்கம்போலக் கோப்பையோடு வந்தார். அவள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, முகமே சரியில்லையே?"

"நிராகரிச்சுட்டாங்க சார். எழுதினவங்களுக்கு அடிப்படையே தெரியலையாம். ஒரு நாளும் களத்துக்குப் போகாதவங்க எழுதினதாம்."

அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "யாரும்மா அவன்? படிச்சுட்டுத்தான் எழுதினானா? மழையில நனைஞ்சு நாம செஞ்ச வேலைம்மா இது!"

நாம. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இன்னும் இருக்கு சார்," என்று அவள் நிதானமாகப் படித்தாள். "'ஆசிரியர்கள் இதை அந்தக் கோணத்தில் யோசிக்கவே இல்லை. கீழ்க்கண்ட ஏழு கட்டுரைகளைப் படித்துவிட்டு வரட்டும்.' அந்த ஏழுலயும் உங்க பேர் இருக்கு சார்."

அவர் காது மடல் சிவந்ததை நான் கண்ணால் பார்த்தேன். கோப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்படின்னா... விஷயம் தெரிஞ்சவர்தான் போலிருக்கு," என்றார்.

"சார், ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும். நானும் சேர்ந்து எழுதின கட்டுரைன்னு தெரியாம மதிப்பிட்டுட்டேன்னு. வேற ஒருத்தர்கிட்ட அனுப்பிடுவாங்க. எனக்கு இந்த மாசத்தோட வேலை முடியுது சார்."

"எழுதிடறேன்மா. அதுல என்ன இருக்கு?"

எழுதினார். சொன்ன சொல் தவறாதவர். என்ன எழுதினார் என்பது மாநாட்டுக்காரர்கள் அனுப்பிய பதிலில்தான் தெரிந்தது. 'இந்தக் கட்டுரையில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. என் பெயர் தவறுதலாகச் சேர்ந்துவிட்டது. நீக்கிவிடவும்.' அவர் தம் வாழ்நாளில் வெளியிட்ட ஒரே உண்மையான ஆய்வு முடிவு அதுதான். பங்கில்லாதவர் செய்த மதிப்பீடு என்பதால் அது செல்லும் என்று மாநாட்டார் கைகழுவிவிட்டார்கள்.

"உன் உழைப்பு உன் பேர்லயே தனியா நிக்கட்டும்மா. அதுதான் உனக்குப் பெருமை," என்று அவளிடம் சொன்னார். தழுதழுத்த குரலில் சொன்னார் என்பதையும் பதிவு செய்கிறேன். மாதக் கடைசியில் வேலை நீட்டிப்புக் குழு கூடி, அங்கீகரிக்கப்பட்ட கட்டுரை எதுவும் இல்லை என்று வருத்தத்தோடு குறித்துக்கொண்டது. அவள் பூட்ஸை ஒரு பையில் போட்டுக்கொண்டு போனாள். அடுத்த மழைக்குப் பிரசவ வார்டுக் கட்டில்களுக்கு அடியில் தண்ணீர் நின்றது. காரணம் கண்டறிய அரசாங்கம் நிபுணர் குழு போட்டது. குழுவில் யார் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

நீங்கள் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். நமக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம், நாம் என்ன கட்டுரையா எழுதுகிறோம் என்று நினைப்பீர்கள். நியாயம்தான். ஆனால் போன வாரம் மைத்துனர் மகள் தான் எழுதியதை அனுப்பி, "படிச்சுட்டுச் சொல்லுங்க மாமா" என்றாளே, "ரொம்ப நல்லா வந்திருக்கு" என்று பதில் போட்டீர்களே, எத்தனையாவது பக்கம் வரைக்கும் போனீர்கள்? சரி, அது போகட்டும். இதையாவது முழுக்கப் படித்தீர்களா, அல்லது தலைப்பையும் முதல் பத்தியையும் மேய்ந்துவிட்டு நேரே இங்கே குதித்தவரா? மேலே பார்க்காமல் ஒன்று சொல்லுங்கள்: நடுவில் ஒருத்திக்கு வேலை போயிற்றே, அவள் என்ன கண்டுபிடித்தாள்?