பதக்கத்தில் என் பங்கு

என் மகளுக்குச் சாரணர் படையின் மிக உயர்ந்த பதக்கம் கிடைத்திருக்கிறது என்ற செய்தியை எனக்குச் சொன்னவர் எதிர்வீட்டுக்காரர். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னார். நான் பைக்கை நிறுத்திக்கொண்டே கேட்டேன். கேட்ட அதிர்ச்சியில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது, நான் ஒரு பக்கம் சாய்ந்தேன்.

எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு உள்ளே போனேன். மனைவி டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"பொண்ணுக்குப் பதக்கமாமே?"

"ஆமா."

"எனக்கு ஏன் சொல்லல?"

"நேத்து சாப்பிடும்போது சொன்னோமே. 'ம்'னீங்க."

"'ம்'னா கேட்டேன்னு அர்த்தமா?"

"பொண்ணு பார்க்க வந்தப்பவும் 'ம்'தான் சொன்னீங்க. அதை நம்பித்தானே கழுத்தை நீட்டினேன்."

இந்தப் பேச்சை வளர்த்தால் யாருக்கு நஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனால் அங்கேயே ஒரு மாபெரும் முடிவு எடுத்தேன். இந்தப் பதக்கத்தை ஊர் அதிரக் கொண்டாடுவது.

ஊர் அதிர வேண்டும் என்பதைவிட என் மச்சான் அதிர வேண்டும் என்பதுதான் என் உள்நோக்கம். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். அவர் மகன் நீச்சலில் ஒரு கோப்பை வாங்கினான். அதுவும் மூன்றாம் பரிசு. அதற்கு அவர் ஆள் பிடித்து, மண்டபம் பிடித்து, மைக் பிடித்தார். பிடித்த மைக்கை விடவில்லை. பேச்சின் நடுவில் என்னைக் கையால் சுட்டிக்காட்டி, "எங்க மாப்பிள்ளைக்குத் தொழிலே படுக்கறதுதான். அவர் வீட்டுப் பிள்ளை எழுந்து நிக்குதுன்னா அது எங்க பக்கத்து ரத்தம்" என்றார். மண்டபமே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். மைக் வைத்தவன்கூடச் சிரித்தான்.

தொழில் விஷயத்தில் அவர் சொன்னதில் பொய் இல்லை. நான் ஒரு மெத்தைக் கடையில் விற்பனை மேலாளர். வாடிக்கையாளர் கண் முன்னால் மெத்தையில் படுத்து, வலப்பக்கம் புரண்டு, இடப்பக்கம் புரண்டு, எழுந்து, "முதுகுக்கு ஒண்ணுமே தெரியல பாருங்க சார்" என்று சொல்வது என் கடமை. இதைச் சுலபம் என்று நினைப்பவர்கள் ஒருநாள் முழுக்கப் படுத்து எழுந்து பார்க்கட்டும். வீட்டுக்கு வந்தால் படுக்கத்தான் தோன்றும்.

அப்படிக் களைத்து வருகிற நான்தான் மகளுக்காகச் சில மாதங்களாக உழைத்திருந்தேன். அவள் பயிற்சிக்கெல்லாம் துணை நின்றவன் நான்.

"அப்பா, நான் கொடிக்கயிறு கட்டி முடிச்சுப் போட்டுப் பழகறேன். முடிச்சு தாங்குதான்னு நீங்க துணி போட்டுப் பாருங்க" என்பாள். போடுவேன். ஒரு சட்டை போட்டால் தாங்கும். வீட்டுத் துணி மொத்தமும் போட்டால்தானே முடிச்சின் பலம் தெரியும்? போட்டேன். காய்ந்ததும் எடுத்து மடித்தும் வைத்தேன்.

பிறகு முதலுதவி. "அப்பா, நீங்க வெங்காயம் நறுக்குங்க. கையை வெட்டிக்கிட்டா நான் கட்டுப் போட்டுப் பழகுவேன்." பெற்ற மகளுக்காக விரலைக் கொடுக்காத தகப்பன் உண்டா? நறுக்கினேன். முதலில் விரலுக்கு ஒரு கட்டு வீதம் விழுந்தது. நாளாக ஆக வெங்காயம் மட்டும்தான் வெட்டுப்பட்டது. அவள் பயிற்சிக்கு இடைஞ்சலாகிவிட்டதே என்று வருத்தமாக இருந்தது. மகள்தான் பெருந்தன்மையாக, "பரவாயில்லப்பா, நீங்க நறுக்கிக்கிட்டே இருங்க, நான் தயாரா நிக்கறேன்" என்றாள்.

இதையெல்லாம் மனைவிக்கு நினைவூட்டினேன்.

"இந்தப் பதக்கத்துல பாதி என்னுதும்மா."

"பாதி இல்லைங்க. முழுக்க முழுக்க உங்களாலதான் கிடைச்சுது."

அவள் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்ததே இல்லை. அதிர்ந்துபோனேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த ஈரம் காய்வதற்குள் அழைக்க வேண்டியவர்களை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன்.

"எதுக்குங்க கூட்டம்? வீட்டோட நாலு பேர் போதும். டீச்சர் வந்து பதக்கத்தைக் குத்திட்டுப் போகட்டும்."

"உங்கண்ணன் மூணாம் பரிசுக்கு மண்டபம் பிடிச்சார். நான் முதல் தரத்துக்கு மூலையில ஒடுங்கணுமா?"

"அண்ணனையும் கூப்பிடப் போறீங்களா?"

"முதல் ஆளா."

"அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

"எதுக்குச் சொல்லப் போறேன்?"

அவள் டீ டம்ளரை என் கையில் கொடுத்தாள். நான் பேச்சு சுவாரசியத்தில் அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து மேலே பேசினேன்.

இடம் எங்கள் கடையின் மேல்மாடி. வருகிறவர்கள் மெத்தையில் உட்கார்ந்து பார்த்தால் நாலு பேராவது வாங்குவார்கள் என்று முதலாளியை மடக்கினேன். ஞாயிறு மாலை கூட்டம் நிரம்பி வழிந்தது. நாற்காலிகள் இல்லை, வரிசையாகக் கட்டில்கள். எதிர்வீட்டுக்காரர் குடும்பத்தோடு இரட்டைக் கட்டிலில் சம்மணம் போட்டிருந்தார். முதலாளிக்கு விலை உயர்ந்த மெத்தை. மச்சானையும் அவர் மனைவியையும் முதல் வரிசையில், என் முகம் நன்றாகத் தெரிகிற மாதிரி உட்காரவைத்தேன்.

மகள் சீருடையில், கழுத்துத் துணியும் கட்டி, விறைப்பாக நின்றாள். பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு விம்மியது. இவ்வளவு உயரம் எப்போது வளர்ந்தாள் என்று அதிர்ச்சியாகவும் இருந்தது.

நான் மைக்கைப் பிடித்தேன். பிள்ளை வளர்ப்பு என்பது ஒரு கலை என்று ஆரம்பித்தேன். தகப்பன் எவ்வழி பிள்ளை அவ்வழி என்றேன். சில பேர் நீச்சல் கற்றுக்கொடுப்பார்கள், நான் வாழ்க்கையையே கற்றுக்கொடுத்தேன் என்று மச்சானைப் பார்த்தபடி சொன்னேன். அவர் முகத்தில் ஈ ஆடவில்லை. அவர் கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் மெத்தையின் தரம் அப்படி.

நான் மச்சானுக்குப் பின்கட்டிலில், எதிர்வீட்டுக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் சாரணர் டீச்சர் எழுந்தார். பதக்கம் அவர் கையில் பெட்டியோடு இருந்தது.

"இந்தப் பதக்கத்துக்குக் கடைசிப் படி ஒரு சேவைத் திட்டம். ஒரு குறையைக் கண்டுபிடிச்சு, சொந்த முயற்சியில மாத்திக் காட்டணும். மத்த பிள்ளைங்க மரம் நட்டாங்க, குளம் சுத்தம் பண்ணாங்க. இந்தப் பொண்ணு மட்டும்தான் ரொம்பக் கஷ்டமானதை எடுத்துக்கிட்டா."

நான் பெருமையாகச் சுற்றிலும் பார்த்தேன். என்ன திட்டம் என்று மகளிடம் போன வாரம்தான் கேட்டிருந்தேன். டீச்சர் மேடையில் சொல்வார் என்றாள். சரி, காத்திருந்து கேட்டால்தான் ருசி என்று விட்டுவிட்டேன்.

"ஒரு மனுஷனையே மாத்தியிருக்கா" என்றார் டீச்சர். "நடுத்தர வயசு. நல்ல உத்தியோகம். ஆனா வீட்டுல சர்க்கரை டப்பா எதுன்னு தெரியாது. அடுப்பை அணைக்கத் தெரியாது. சாப்பிட்ட தட்டு தானா நடந்து போய்க் கழுவிக்குதுன்னு இத்தனை வருஷம் நம்பிக்கிட்டிருந்திருக்கார்."

கூட்டம் உச்சுக் கொட்டியது. எல்லாரையும்விடச் சத்தமாக உச்சுக் கொட்டியவன் நான்.

"இப்படியும் இருக்காங்களே" என்றேன் எதிர்வீட்டுக்காரரிடம். "அந்த வீட்டம்மா பாவம்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அந்த மனுஷனுக்குத் தெரியாமலே அவருக்குப் பயிற்சி குடுத்திருக்கா. இன்னைக்கு அவர் டீ போடறார். துணி மடிக்கறார். அவர் இங்கேயேதான் உட்கார்ந்திருக்கார்."

கூட்டத்தில் சலசலப்பு. எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. விடுமுறைக்கெல்லாம் மகள் மாமா வீட்டுக்குப் போய் வருவது சும்மா இல்லை. அடடா, என் பெண் என் பெண்தான். நான் எட்டி மச்சானின் தோளைத் தட்டி எழுப்பினேன்.

"எழுந்திருங்க மச்சான். இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. திருந்தறது பெரிய விஷயம்."

மச்சான் மலங்க மலங்க விழித்தார்.

"அவரை ஏன் சார் எழுப்பறீங்க?" என்றார் டீச்சர். "நீங்க எழுந்திருங்க."

பேயறைந்தவன் போல எழுந்தேன். கொடிக்கயிறு கண் முன்னால் வந்தது. அதில் நான் காயப்போட்ட ஒவ்வொரு துணியும் வந்தது. வெட்டின வெங்காயமெல்லாம் மொத்தமாகக் கண்ணைக் கரித்தது. மனைவியைப் பார்த்தேன். அவள் தலையணை உறையின் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் அதற்கு ஆள் விட்டு அழைத்து, மைக்கும் வைத்திருந்தேன்.

"இது உண்மைதான்னு நீங்க உங்க வாயால எல்லார் முன்னாலயும் சொல்லணும் சார். அதான் விதி. இல்லைன்னு சொல்லிட்டா, நான் பதக்கத்தைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போகணும்."

மச்சானுக்கு இப்போது முழுத் தூக்கமும் கலைந்துவிட்டது. "மாப்பிள்ளை, அப்படியெல்லாம் இருக்காதே? துணியாவது, நீங்க மடிக்கறதாவது?" என்றார் ஆவலாக.

தப்பிக்க நல்ல வழி. சிரித்துக்கொண்டே 'சும்மா விளையாட்டு' என்று சொன்னால் போதும், என் மானம் பிழைத்துவிடும். முதலாளி பார்க்கிறார். என் கீழே வேலை செய்கிற பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள்.

மகள் என்னைப் பார்க்கவில்லை. விறைப்பாக எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனால் அவள் எச்சில் விழுங்குவது கழுத்துத் துணியின் முடிச்சு ஏறி இறங்கியதில் தெரிந்தது. சின்ன வயதில் ஊசி போடப் போகும்போது இப்படித்தான் விழுங்குவாள். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. மானம் கிடக்கிறது, அது இன்னொரு நாள் வரும்.

"உண்மைதான் டீச்சர்" என்றேன். "அது நான்தான். டீ போடுவேன். முட்டை அவிப்பேன். ஓரத்துல எலாஸ்டிக் வச்ச பெட்ஷீட்டைக்கூட மடிப்பேன்."

"அதெல்லாம் முடியாது" என்றார் மச்சானின் மனைவி. "அதை மனுஷங்களால மடிக்க முடியாது."

சும்மா விடுவேனா? பக்கத்துக் கட்டிலில் இருந்து ஒன்றை உருவினேன். மூலைக்குள் மூலையைச் செருகி, உதறி, நாலாக மடித்து, தபால் உறை போல நீட்டினேன். கைதட்டலில் கட்டில்கள் ஆடின. பெண்கள் எழுந்து நின்று தட்டினார்கள். மச்சானின் மனைவி தட்டுவதை நிறுத்திவிட்டுத் தன் கணவரை மேலும் கீழும் பார்த்தார். மச்சான் மெல்லப் படுத்துக்கொண்டார். அந்தப் பக்கமாவது எனக்கு வெற்றி.

பதக்கத்தைக் குத்தியதும் மகள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அழுதுவிட்டேன். அவமானத்துக்கு அழுகிறேன் என்று முதலாளி நினைத்து ஆறுதல் சொன்னார்.

எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்தேன். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சாயாதீங்க. இனிமேதான் ஜாக்கிரதையா இருக்கணும்."

"ஏன்?"

"திடீர்ப் பரிசோதனை உண்டு. எப்ப வேணா மணியடிச்சுக்கிட்டு வந்து நிப்பாங்க. ஆள் பழையபடி ஆயிட்டாருன்னு தெரிஞ்சா பதக்கம் போச்சு."

"எவ்வளவு நாளைக்கு?"

"அதைச் சொல்ல மாட்டாங்க. சொன்னா அது என்ன திடீர்ப் பரிசோதனை?"

நியாயமாகத்தான் பட்டது. அன்றிலிருந்து நான் நிம்மதியாக உட்கார்ந்தது கிடையாது. வாசல் மணி அடித்தால் போதும், சோபாவிலிருந்து துள்ளி விழுந்து துடைப்பத்தை எடுப்பேன். பேப்பர்காரன் பணம் கேட்டு வந்தான், அவன் எதிரில் கூடத்தைப் பெருக்கினேன். முகவரி கேட்டு ஒருவர் வந்தார், உள்ளே அழைத்துப் பாத்திரம் தேய்த்துக் காட்டினேன். பயந்து ஓடிவிட்டார். பரிசோதகர்கள் மாறுவேடத்தில் வருவார்கள் என்று மனைவி சொல்லியிருந்தாள். மெல்ல மெல்ல ஜன்னல் கம்பி, பரண், குளியலறை என்று என் ஆட்சி விரிந்தது. மழைக்காலம் போய் வெயில்காலம் வந்தது. பரிசோதனை மட்டும் வரவில்லை.

ஒரு நாள் கடையில் வழக்கம்போல் படுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். வலப்பக்கம் புரண்டு கண்ணைத் திறந்தால் டீச்சர் நிற்கிறார். மெத்தையிலிருந்து எகிறினேன்.

"டீச்சர், இது உத்தியோகம். வீட்டுல நான் படுக்கறதே இல்ல."

"ஐயோ, ஏன் சார்?"

"தினமும் பாத்திரம் நான்தான். நேத்து பரண்கூட ஒழிச்சேன். சந்தேகம்னா இப்பவே வந்து பாருங்க."

"நான் எதுக்கு சார் வந்து பார்க்கணும்? எனக்கு ஒரு மெத்தை வேணும்."

"அப்ப பரிசோதனை?"

"என்ன பரிசோதனை? பதக்கம் குடுத்தா குடுத்ததுதான். அதோட எங்க வேலை முடிஞ்சுது."

என் காலடியில் தரை நழுவியது. அவருக்கு எந்த மெத்தையை விற்றேன், என்ன சொன்னேன் என்று எதுவும் நினைவில்லை. மாலை வண்டியை முறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது. மனைவி சோபாவில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். மகள் மேசையில் எழுதிக்கொண்டிருந்தாள். மகளைக் கேட்பதுதான் சரி என்று பட்டது.

"திடீர்ப் பரிசோதனைன்னு ஒண்ணு உண்டா இல்லையா?"

"இல்லப்பா."

பட்டென்று சொல்லிவிட்டாள். கண்கூடச் சிமிட்டவில்லை.

"இத்தனை மாசமா நான் படாதபாடு படறதைப் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நான் என்னமோ உங்களுக்குப் பிடிச்சுப் போய்தான் செய்யறீங்கன்னு நினைச்சேன். என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. சாரணி பொய் சொல்லக் கூடாது, அது எங்க சட்டம்."

கோபத்தில் கையை நீட்டிப் பேசப் போனேன். அப்போதுதான் கவனித்தேன், அந்தக் கை காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துக்கொண்டிருந்தது. பாதிக் குவியல் முடிந்திருந்தது.

"அப்ப உங்கம்மா சொன்னது?"

மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா நிதானமாக இன்னொரு வாய் டீ குடித்தாள்.

"அம்மா சாரணி இல்லையேப்பா" என்றாள் மகள்.