சூரிக்குக் கிடைக்காத செருப்படி

"செருப்பைக் கழட்டியே வீசிட்டாய்யா!" என்றார் தயாரிப்பாளர் லால்வானி, கண் மின்ன. "போன ஞாயித்துக்கிழமை கோச்சர் வீட்டுக்குப் போனேன். பில்டிங் வாசல்லயே ஒரு பொம்பளை, 'கட்டையில போறவனே, நீ நல்லாயிருப்பியா'ன்னு விளாசுறா. அவன்யா வில்லன்!"

ஜஸ்வந்த் சூரிக்கு வயிறு பற்றி எரிந்தது. இருபத்தாறு வருஷமாக இந்திப் படங்களில் கதாநாயகிகளைக் கடத்திக்கொண்டிருக்கிறார். எத்தனை குடிசைகளுக்குத் தீ வைத்திருப்பார்! ஒரு பொம்பளை, ஒரே ஒரு பொம்பளை, தெருவில் அவரை ஏசியதுண்டா? நேற்று நடிக்க வந்த கோச்சர் பயலுக்குச் செருப்பு, தனக்கு வெறும் நமஸ்தேயா?

"அப்போ உங்க புதுப் படத்துல அந்தக் கடத்தல்காரன் வேஷம்?"

"அவனுக்குத்தான். ஆனா பழகின தோஷத்துக்கு உனக்கும் ஒரு சான்ஸ். நாளைக்குத் தாதர் மார்க்கெட்ல என்கூட நட. ஜனங்க உன்னைப் பார்த்துப் பல்லைக் கடிக்கணும்."

மறுநாள் சூரி மீசையை முறுக்கிக்கொண்டு மார்க்கெட்டில் இறங்கினார். காலிஃப்ளவர் வாங்கிக்கொண்டு திரும்பிய ஓர் அம்மாளின் பையை வெடுக்கென்று பிடுங்கினார்.

"மகராசனா இருப்பா! கையே கழண்டுபோச்சு. மூணாவது மாடிதான், வா."

மூன்று மாடி ஏறி இறங்கியதில் சூரிக்கு மூச்சு வாங்கியது. கீழே லால்வானி உதட்டைப் பிதுக்கினார்.

அடுத்து, கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை நெருங்கி, படத்தில் சிரிக்கிற அதே சிரிப்பைச் சிரித்துக் காட்டினார்.

"ஐயோ, நம்ம சூரி அண்ணன்!" என்று துள்ளினாள் அவள். "ரக்ஷாபந்தனுக்கு ரெண்டு நாள்தான் இருக்கு, கையைக் குடுங்கண்ணே!" பக்கத்துக் கடையில் ராக்கிக் கயிறு வாங்கிக் கட்டியே விட்டாள். அதைப் பார்த்து இன்னும் நாலு பெண்கள் ராக்கியோடு வரிசையில் நின்றார்கள்.

"போதும்யா," என்றார் லால்வானி.

போதுமா? சூரி அவ்வளவு சுலபத்தில் விடுகிற ஆளா? துணை நடிகை சகுபாயை முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருந்தார். கண்ணைக் காட்டினார்.

"அடப் படுபாவி! எத்தனை பொண்ணுங்க குடியைக் கெடுத்தே!"

செருப்பு பறந்து வந்து தோளில் விழுந்தது. சூரியின் முகம் மலர்ந்தது. அடுத்த நொடி ஐந்து தங்கச்சிகளும் சகுபாய் மேல் பாய்ந்தார்கள்.

"எங்க அண்ணன் மேலயாடி வீசுறே?"

"ஐயோ, முடியை விடுங்கடி! அவர்தான் அடிக்கச் சொன்னாரு!"

"பாவம், புத்தி பேதலிச்சிருக்கு," என்றார் யாரோ.

கடைசியில் சூரியே கைகூப்பிக் கெஞ்சி அவளை மீட்க வேண்டியதாயிற்று. "என்ன பெரிய மனசு!" என்று மார்க்கெட்டே கை தட்டியது.

லால்வானி காரில் ஏறினார். "கதாநாயகிக்கு அப்பா வேஷம் ஒண்ணு இருக்கு. பொண்ணு கல்யாணத்துல விம்மி விம்மி அழணும். பண்றியா?"

சூரிக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அப்படி என்னதான் செய்தான் அந்தக் கோச்சர்? பொறாமை தாங்காமல் நேராக அவன் பில்டிங்குக்கே போனார். சொன்னது போலவே வாசலில் ஒரு பெண் இடுப்பில் கை வைத்து, மேலே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். "டேய் கோச்சர்! ஆம்பளையா இருந்தா கீழ இறங்கி வாடா!"

ஆஹா, என்ன ஒரு வெறுப்பு! சூரி வெட்கத்தை விட்டுக் கேட்டார்: "தங்கச்சி, உன் காலைத் தொட்டுக் கேக்கறேன். எந்தப் படத்துல அவன் என்ன பண்ணினான்னு இப்படிக் கொதிக்கிறே? சொன்னா நானும் கத்துக்குவேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "படமா? அவன் எங்க பில்டிங் செக்ரட்டரி. பத்து நாளா தண்ணி ஒழுங்கா தொறந்து விடல. ஏன், அந்த ஆளு சினிமாவுல வேற நடிக்கிறானா?"